கிருமி கொல்லும் பலபடியின் ஆயுள்: குடிநீர்த் துறையின் அனுபவங்கள்

பாலிமர் என்று பரவலாக அறியப்படும் பலபடிச் சேர்மங்களின் நீண்ட சங்கிலியில் நுண்ணுயிர்களைக் கொல்லும் வேதித் தொகுதிகளைப் பிணைத்து, அவற்றைச் சிறு மணிகளாகவோ நுரைப்பஞ்சாகவோ இழைகளாகவோ உருவாக்கி, அவற்றின் ஊடே நீரைச் செலுத்தித் தூய்மைப்படுத்தும் முறை ஏறத்தாழ அரை நூற்றாண்டாகப் புழக்கத்தில் இருந்துவருகிறது. நீரைக் கொதிக்கவைத்தல், நீரில் குளோரினைக் கலத்தல் ஆகிய பழைய முறைகளிலிருந்து இம்முறை வேறுபடும் இடம், கொல்லும் பொருள் பெரும்பாலும் திண்மப் பரப்பிலேயே தங்கியிருந்து, அப்பரப்பைத் தொட்டோ ஒட்டியோ செல்லும் கிருமியை அழிக்கிறது என்பதாகும். இம்முறையின் வலிமையும் வலுவின்மையும் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. கிருமி பரப்பை நெருங்க முடியாதபடி வேறு ஏதேனும் அதை மூடிவிட்டால், மணிக்குள் மருந்து எவ்வளவு எஞ்சியிருந்தாலும் அது நீருக்கு உதவுவதில்லை. இத்தொழிலுக்குள் புதிதாக வருவோர் எந்தப் பலபடி விரைவாகக் கொல்லும் என்பதையே முதலில் ஆராய்கின்றனர். அந்தக் கேள்விக்கு ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே விடை கண்டுவிட்டன என்பதும், முதல் லிட்டரில் கொன்ற அதே பரப்பை ஆயிரமாவது லிட்டரிலும் கொல்லவைப்பதே தொழிலின் பெரும்பகுதி என்பதும் பல கார்ட்ரிட்ஜ்களைப் பிரித்துப் பார்த்த பின்னரே மனத்தில் பதிகின்றன. இக்கட்டுரையாளரும் அவ்வழியில் வந்தவரே.

புழக்கத்தில் உள்ள பொருள்களுள் நான்கு வகைகள் முதன்மையானவை. நைட்ரஜன் அணு ஒன்றைச் சுற்றி நான்கு கரிமக் கிளைகள் அமைந்து, நிலையான நேர்மின்சுமை தாங்கி நிற்கும் நான்காம்நிலை அம்மோனியத் தொகுதிகளைக் கொண்ட பலபடிகள் முதல் வகை. பாக்டீரியாவின் வெளியுறை எதிர்மின்சுமை உடையது. அவ்வுறையின் பகுதிகளைக் கால்சியம், மக்னீசியம் அயனிகள் கட்டிப் பிடித்திருக்கின்றன. நேர்மின் சங்கிலி அவ்வயனிகளை இடம்பெயர்த்து உறையைக் குலைக்கும்போது, உள்ளிருப்பது கசிந்து உயிரணு இறக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அலெக்சாண்டர் கிலிபனோவ் குழுவினர் 2001-இல், கண்ணாடிப் பரப்பில் இத்தகைய சங்கிலிகளைப் பிணைத்து, பரப்பைத் தொட்ட பாக்டீரியாக்கள் இறப்பதைக் காட்டினர். இரண்டாம் வகை என்-ஹாலமைன் எனப்படும் சேர்மங்கள். இவற்றில் நைட்ரஜனோடு குளோரின் நேரடியாகப் பிணைந்திருக்கும். கிருமி நெருங்கும்போது அக்குளோரின் கிருமிக்கு மாறும். அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் எஸ்.டி. வோர்லி குழுவினர் இவ்வகை மணிகளை நீண்டகாலம் ஆராய்ந்து வளர்த்தனர். மூன்றாம் வகையான அயோடின் ரெசின், கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லாம்பர்ட், லூயிஸ் ஃபினா ஆகியோர் 1970-களில் உருவாக்கியது; அயனிமாற்று ரெசினில் மூன்று அயோடின் அணுக்கள் கொண்ட எதிர்மின் அயனிகளை ஏற்றிய இப்பொருள் அமெரிக்க விண்வெளி ஓடங்களின் குடிநீர் அமைப்பில் இடம்பெற்றது. நான்காவது, பலபடியில் வெள்ளி நுண்துகள்களைப் பொதிந்து வைக்கும் முறை. சென்னை ஐ.ஐ.டி.யில் பிரசாந்த் ஜெயின், தி. பிரதீப் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, பாலியூரித்தேன் நுரைப்பஞ்சில் வெள்ளித் துகள்களைப் படியவைத்து, நிமிடத்திற்கு அரை லிட்டர் வேகத்தில், ஒரு நொடி அளவே தொடர்பு கிடைக்கும் நிலையிலும், மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் ஈ.கோலை கொண்ட நீர் கிருமியின்றி வெளிவருவதைக் காட்டியது.

இந்நான்கும் கொல்லும் விதத்தில் வேறுபடுவது போலவே கெடும் விதத்திலும் வேறுபடுகின்றன. என்-ஹாலமைனும் அயோடின் ரெசினும் கையிருப்பைச் செலவழித்து வாழ்பவை. குளோரினோ அயோடினோ தீர்ந்தால் அவற்றின் பணி முடிந்தது. அம்மோனியப் பலபடி கொள்கையளவில் எதையும் செலவழிப்பதில்லை. அதன் மின்சுமை தீர்வதில்லை, மூடப்படுகிறது. வெள்ளியோ இரு வழியிலும் கெடும். துகள் கரைந்து குறையும், துகளின் மேல் ஓடு கட்டிக்கொண்டு கரைய மறுக்கவும் செய்யும். தீர்ந்ததா, மூடப்பட்டதா என்று முதலில் அறியாமல் செய்யும் பராமரிப்பு வீண் உழைப்பாக முடிகிறது. மூடப்பட்டதைக் கழுவி மீட்கலாம். தீர்ந்ததை மீண்டும் ஏற்றினாலொழிய மீட்க முடியாது.

மூடுவது எது என்பதை நீரே தீர்மானிக்கிறது. சென்னையில் ஒரே வீட்டுச் சம்பில் ஓராண்டுக்குள் மூன்று வகை நீர் வந்து சேர்வதுண்டு. பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளிலிருந்து சுத்திகரிக்கப்பட்டு வரும் மெட்ரோ நீர் ஒன்று. அது குறையும் மாதங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் மற்றொன்று. அதுவும் வற்றினால் லாரி நீர். இவற்றின் குணங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஏரிநீரில் மக்கிய இலைதழையிலிருந்தும் பாசியிலிருந்தும் வரும் கரிமப் பொருள்கள் உள்ளன; அவற்றுள் ஹியூமிக் அமிலங்கள் எனப்படுபவை எதிர்மின்சுமை தாங்கியவை ஆதலால், நேர்மின்சுமையுள்ள அம்மோனியப் பரப்பில் பாக்டீரியாவைவிட முந்திச் சென்று ஒட்டிக்கொள்கின்றன. ஆழ்துளை நீரில் கரிமப் பொருள் குறைவு; ஆனால் சுண்ணாம்புக் கடினமும் உப்பும் இரும்பும் மிகுதி. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீரில், பாக்டீரியாவின் உறையைக் குலைக்கவேண்டிய நேர்மின் சங்கிலிக்கு அதே அயனிகள் போட்டியாகி, கொல்லும் வேகத்தைக் குறைக்கின்றன. ஆகவே, ஐப்பசி மழையில் நன்றாகப் பணிசெய்த கார்ட்ரிட்ஜ் சித்திரையில் தளர்ந்தால், மணி பழையதாகிவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன், நீர் மாறியிருக்கிறதா என்று கேட்பதே முறை. இக்கட்டுரையாளர் பல வீடுகளில் முதலில் திறந்து பார்த்தது வடிப்பானை அன்று, சம்பின் மூடியைத்தான்.

வெள்ளியைப் பொறுத்தவரை உப்புநீரின் பாதிப்பைக் கண்ணால் காண முடியாது. கணக்கால் மட்டுமே காண முடியும். வெள்ளி அயனியும் குளோரைடு அயனியும் சேர்ந்தால் எளிதில் கரையாத வெள்ளிக் குளோரைடு உண்டாகிறது; இவ்விரண்டின் செறிவுகளைப் பெருக்கினால் கிடைக்கும் கரைதிறன் பெருக்கம் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 1.8 × 10⁻¹⁰. லிட்டருக்கு 355 மில்லிகிராம் குளோரைடு உள்ள நீரில், இக்கணக்கின்படி, தனித்து உலவும் வெள்ளி அயனி லிட்டருக்கு இரண்டு மைக்ரோகிராமைத் தாண்ட முடியாது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 10500 குளோரைடுக்கு 250 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1000 வரை பொறுக்கத்தக்க அளவாகவும் வைத்திருக்கிறது. 1000 மில்லிகிராமில் தனி அயனி ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே இறங்கிவிடும். எஞ்சிய வெள்ளி, குளோரைடோடு இணைந்த வடிவங்களில் கரைந்தோ படிந்தோ இருக்கும். தனி அயனியின் வேகத்தில் அவ்வடிவங்கள் கொல்வதில்லை. ஆய்வுக்கூடம் நீரில் உள்ள மொத்த வெள்ளியை அளந்து 40 மைக்ரோகிராம் என்று எழுதிக்கொடுக்கும்போது, அதில் எத்தனை பங்கு பணிசெய்யும் நிலையில் உள்ளது என்பது அந்த எண்ணில் தெரிவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் இந்தியத் தரநிர்ணயமும் குடிநீரில் வெள்ளி லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பதால், அளவைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்ற வழியும் நெடுந்தொலைவு செல்லாது.

வெள்ளித் துகள் மூடப்படும் சிக்கலுக்கு மதிப்புமிக்க விடை ஒன்று சென்னையிலேயே பிறந்தது. பிரதீப் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் கைட்டோசான் என்னும் இயற்கைப் பலபடியையும் அலுமினியம் ஆக்சிஹைட்ராக்சைடையும் கொண்டு கூண்டு போன்ற அமைப்பை உருவாக்கி, வெள்ளித் துகளை அதற்குள் அடைத்தனர். துகளின் மேல் கரிமப் பொருளும் சுண்ணப் படிவும் நேரடியாகச் சென்று படியாதபடி கூண்டு காக்க, லிட்டருக்கு ஏறத்தாழ 40 மைக்ரோகிராம் என்ற அளவில் வெள்ளி தொடர்ந்து வெளிவந்தது. தொடக்கத்தில் அள்ளிக்கொடுத்துப் பின்னர் வறண்டுபோகும் பொருளைவிட, குறைவாயினும் ஒரே சீராகக் கொடுக்கும் பொருளே குடிநீருக்கு ஏற்றது என்ற கருத்தை அவ்வாய்வு தெளிவாக நிறுவியது. களத்தில் பணியாற்றுவோருக்கு அதில் உள்ள பாடம், கொல்லும் பொருளை வலுப்படுத்துவதைவிட அதை மூடவருவதைத் தடுப்பது பயனுள்ளது என்பதே.

இரும்பு வேறு வகையில் தொல்லை தருவது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைக்கும்போது தெளிந்த நீராக இருந்து, காற்றுபட்ட சிறிது நேரத்தில் செந்நிறமாகும் நீரை அறியாதவர் இல்லை. கரைந்திருந்த இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து துருவாகப் படிவதே அந்நிறமாற்றம். இந்நீர் என்-ஹாலமைன் மணிகளின் ஊடே சென்றால், மணியில் உள்ள குளோரின் கிருமிக்குப் போய்ச்சேருமுன் இரும்புக்குப் போய்ச்சேரும். ஒரு மில்லிகிராம் இரும்பை ஆக்சிஜனேற்ற 0.64 மில்லிகிராம் குளோரின் செலவாகும். லிட்டருக்கு மூன்று மில்லிகிராம் இரும்பு உள்ள நீரை ஒரு குடும்பம் நாளொன்றுக்கு இருபது லிட்டர் வடித்தால், ஒரு பாக்டீரியாவைக்கூடக் காணாமலேயே நாள்தோறும் ஏறத்தாழ 38 மில்லிகிராம் குளோரின் மணியை விட்டு நீங்குகிறது என்று கொள்ளலாம். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு இரும்பைவிடக் கொடியது. அதன் ஒரு மில்லிகிராமை முழுதும் சல்பேட்டாக மாற்ற எட்டு மில்லிகிராமுக்கு மேல் குளோரின் வேண்டும். இதே சல்பைடு வெள்ளியைத் தொட்டால் கறுத்த, நீரில் கரையவே கரையாத வெள்ளிச் சல்பைடாக மாற்றிவிடும். வெள்ளிக்கொலுசு கறுப்பதைப் பார்த்த எவருக்கும் இவ்வினை புதிதன்று. கொலுசைத் தேய்த்து விளக்கலாம். பஞ்சுக்குள் இருக்கும் நுண்துகளைத் தேய்க்க வழியில்லை.

புறநகரில் இருந்த மாணவர் விடுதி ஒன்றில் இவையனைத்தும் ஒருசேர நிகழ்ந்ததை இக்கட்டுரையாளர் காண நேர்ந்தது. நல்ல நிலையில் பொருத்தப்பட்ட மணிப்படுகை நான்கே மாதங்களில் பழுப்பேறி, மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் விரல் நுழையும் அளவு வழி ஒன்று உண்டாகியிருந்தது. நீர் அவ்வழியே விரைந்து பாய, இருபுறமும் இருந்த மணிகள் நீரைத் தொடாமலே கிடந்தன. காரணத்தைத் தேடியபோது, முன்னால் இருந்த வண்டல் வடிப்பான் அடைத்துக்கொண்டு நீர் மெதுவாக வந்ததால் அதைக் கழற்றி வைத்துவிட்டனர் என்பது தெரிந்தது. "சார், அத எடுத்தப்புறம்தான் தண்ணி நல்லா கொட்டுது, கண்ணாடி மாதிரியும் இருக்கு" என்று சமையற்காரர் உண்மையான மகிழ்ச்சியோடு சொன்னார். அவர்மேல் குறைகாண இடமில்லை. இருநூறு பேருக்கு நேரத்தில் உணவு சமைக்கவேண்டியவருக்கு நீரின் வேகமே முதல் தேவை, வடிப்பான் அடைப்பதே அது பணிசெய்ததற்கான சான்று என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. அதன் பின்னர், மணிப்படுகையைப் பற்றி விளக்குவதற்கு முன்பாகவே, அடைத்த வடிப்பானைக் கழற்றுதல், கழுவுதல், மாற்றுதல் ஆகியவற்றைச் செய்துகாட்டுவது இக்கட்டுரையாளரின் வழக்கமாயிற்று.

நீரின் வேகம் தனியே கருதத்தக்கது. படுகையின் கன அளவை நீரோட்ட வேகத்தால் வகுத்தால் கிடைப்பது தொடர்புநேரம். நூறு மில்லிலிட்டர் மணிப்படுகையில் நிமிடத்திற்கு நூறு மில்லிலிட்டர் நீர் சென்றால் அது அறுபது நொடி. மேல்நிலைத் தொட்டியின் அழுத்தம் கூடி அதே படுகையில் நிமிடத்திற்கு அரை லிட்டர் பாய்ந்தால் பன்னிரண்டு நொடி. புதிய மணிக்குப் பன்னிரண்டு நொடியும் போதுமானதாக இருக்கலாம். பாதி மூடப்பட்ட மணிக்கு அறுபதும் போதாமற்போகலாம். குழாயில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு வளையம் ஒன்றைப் பொருத்துவது, விலையுயர்ந்த பலபடியைத் தேடுவதைவிட நற்பயன் தந்ததைப் பலமுறை கண்டதுண்டு. கரி வடிப்பானை எங்கே வைப்பது என்பதும் இதைப் போன்றதே. படுகைக்கு முன் வைத்த கரி, கரிமப் பொருளை உறிஞ்சி மணியைக் காக்கும். ஆனால் குழாய்நீரில் எஞ்சியிருந்த குளோரினையும் சேர்த்து நீக்கிவிடுவதால், அதற்கு அப்பால் உள்ள பகுதி முழுவதும் காவலின்றி நிற்கும். அயோடின் ரெசினுக்குப் பின்னால் கரி இருந்தே ஆகவேண்டும், ஏனெனில் நீரோடு வரும் அயோடினை நாள்தோறும் பருகுவது தைராய்டு சுரப்பியைப் பாதிக்கும். விண்வெளி வீரர்களுக்கான நீரிலும் பிற்காலத்தில் பருகுவதற்கு முன் அயோடினை நீக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. பின்னால் இருக்கும் அக்கரியிலோ கிருமிகள் குடியேறிப் பெருகக்கூடும். ஆதலால் அதையும் காலம் தவறாமல் மாற்றியாக வேண்டும்.

தேங்குதல் பெரும்பாலும் கவனிக்கப்படாத பகை. கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடப்படும்போது வடிப்பானில் நீர் அப்படியே நிற்கிறது. வெப்பத்தில் கிருமிகள் பரப்பில் ஒட்டி, தம்மைச் சுற்றிப் பிசின் போன்ற உறையைச் சுரந்து உயிர்ப்படலமாக வளர்கின்றன. இறந்த கிருமிகளின் உடல்களே அடுத்து வருபவற்றுக்குப் பரப்பை மூடும் விரிப்பாக அமைகின்றன என்பது தொடுகொல்லிப் பரப்புகளின் மிகப்பெரிய குறை. விடுமுறைக்கு முன் படுகையிலிருந்து நீரை முழுதும் வடித்துவிடுதல், திரும்பி வந்தபின் முதலில் வரும் நீரைக் கீழே விடுதல், தேவையானால் கழுவி மீட்டபின்பே பயன்படுத்துதல் ஆகிய மூன்றையும் இக்கட்டுரையாளர் பள்ளிகளில் சுவரில் எழுதிவைக்கச் செய்ததுண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1987-இல் வகுத்த நீர்த்தூய்மைப்படுத்திச் சோதனை நெறி, பாக்டீரியாவைப் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைக்கவேண்டும் என்று கோருவதோடு, கருவியை 48 மணிநேரம் நீர் தேங்க நிறுத்திவைத்துப் பின்னர் மாதிரி எடுக்கவும் சொல்கிறது. கலங்கலும் கரிமப் பொருளும் உப்பும் வேண்டுமென்றே சேர்த்த கடுஞ்சோதனை நீரையும் அந்நெறி பயன்படுத்துகிறது. தூய ஆய்வக நீரில் மட்டும் வெற்றிபெற்ற பொருளை விற்பனைக்குக் கொண்டுவர விரும்புவோர் அந்நெறியின் கடுஞ்சோதனை நீர்ப் பகுதியையேனும் முதலில் கடந்துவரட்டும் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

சோதனையிலேயே தவறு நேர்ந்தால் மற்ற எல்லாக் கவனமும் பாழாகும். இத்தொழிலில் இக்கட்டுரையாளர் கற்ற கடினமான பாடம் இதுவே. படுகையிலிருந்து வெளிவரும் நீரில் கொல்லும் பொருள் சிறிதளவேனும் கலந்திருக்கும்; மாதிரிப் புட்டியை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுசெல்லும் சில மணிநேரத்திற்குள் அப்பொருள் புட்டிக்குள்ளேயே தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும். குழாயடியில் நீரைக் குடித்தவர் வயிற்றுக்குள் உயிரோடு சென்ற கிருமி, புட்டியில் இறந்து, கிருமியில்லை என்ற முடிவாக வெளிவரும். தொடக்க ஆண்டுகளில் ஒருமுறை, நீண்டநாள் ஓடிய மணிப்படுகைகள் சிலவற்றின் மாதிரிகள் அனைத்தும் குற்றமற்றவை என்று வந்தபோது, அவற்றின் மீள்பயன்பாட்டுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டுவிட்டது. மாதிரி எடுத்த நொடியிலேயே கொல்லும் வினையை நிறுத்தும் நடுநிலையாக்கியை இட்டுச் சோதனையைத் திரும்பச் செய்தபோது, பாதிக்கு மேற்பட்ட புட்டிகளில் கோலிஃபார்ம் கிருமிகள் வளர்ந்தன. படுகைகள் உடனே மாற்றப்பட்டன. ஆயினும் இடைப்பட்ட வாரங்களில் அந்நீரைக் குடித்த குழந்தைகளை நினைக்கும்போது இன்றும் மனம் அமைதி கொள்வதில்லை.

நடுநிலையாக்கி பொருளுக்குப் பொருள் வேறுபடும். குளோரினுக்கும் அயோடினுக்கும் சோடியம் தையோசல்ஃபேட் போதும். வெள்ளிக்கு அதனோடு தையோகிளைகோலேட்டும் சேர்க்கப்படுகிறது. அம்மோனியத் தொகுதிகளுக்கு லெசித்தினும் பாலிசார்பேட் எண்பதும் வேண்டும். நீர் எந்தப் படுகையிலிருந்து வருகிறது என்பதைப் புட்டியின் மேல் எழுதாமல் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவது, நோயின் பெயரைச் சொல்லாமல் மருந்து கேட்பதற்கு ஒப்பாகும். இன்னொரு நுட்பமும் உண்டு. நேர்மின்சுமைப் படுகை கிருமியைக் கொல்லாமல் வெறுமனே பிடித்துவைத்துக்கொள்ளவும் கூடும். எண்ணிக்கை குறைந்ததைக் கண்டு கொன்றுவிட்டதாகக் கொண்டால், பின்னர் உப்பு மிகுந்த ஆழ்துளை நீர் வரும் நாளில் பிடிபட்டவை விடுபட்டு வெளியேறும். ஆகவே, வெளிவரும் நீரோடு நில்லாமல், சில மணிகளையும் எடுத்து உப்புக்கரைசலில் குலுக்கி, அதில் உயிருள்ளவை உண்டா என்று பார்ப்பது நல்ல வழக்கம். களத்திலேயே செய்யக்கூடிய எளிய சோதனைகளும் இல்லாமலில்லை. என்-ஹாலமைன் மணிகள் சிலவற்றைப் பொட்டாசியம் அயோடைடும் கஞ்சிப்பசையும் கலந்த கரைசலில் இட்டால், குளோரின் எஞ்சியிருக்குமானால் நீலம் தோன்றும். வெளிறிய நீலமே தோன்றினால் காலம் நெருங்கிவிட்டது என்று பொருள். அம்மோனியப் பரப்பில் ஃபுளோரசீன் சாயம் ஒட்டும் அளவைக் கொண்டு மூடப்படாத மின்சுமையை அறியலாம்.

மீட்டெடுக்கும் முறைகள் பொருளின் இயல்பை ஒட்டியவை. என்-ஹாலமைன் மணிகளை நீர்த்த ஹைப்போகுளோரைட்டுக் கரைசலில் ஊறவைத்தால் இழந்த குளோரின் மீண்டும் ஏறும். இங்கே கவனிக்கவேண்டியது பிளீச்சிங் பவுடரின் தரம். புதியதில் மூன்றிலொரு பங்கு பயன்படு குளோரின் இருக்கும், வாய் திறந்த மூட்டையில் ஈரமும் வெப்பமும் பட்டால் சில மாதங்களில் அதன் பெரும்பகுதி போய்விடும். வலுவிழந்த பவுடரில் ஊறவைத்து, மணி மீளவில்லை என்று மணியைப் பழித்த இடங்கள் பல. அம்மோனிய ரெசினில் ஒட்டிய கரிமப் பொருளை வெறும் உப்புநீர் முழுதும் அகற்றாது. நூற்றுக்குப் பத்துப் பங்கு உப்பும் இரண்டு பங்கு காஸ்டிக் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான கரைசல் நீண்டகாலமாகத் தொழிற்சாலைகளில் பயன்படுவது, அதுவே ஹியூமிக் படிவைக் கரைத்து இழுக்கிறது. அதைக் கையாள்வோர் கையுறையும் கண்காப்பும் அணிந்தே ஆகவேண்டும். இது வீடுகளில் செய்யத்தக்க வேலையும் அன்று. சுண்ணப் படிவுக்குச் சிட்ரிக் அமிலம் ஏற்றது. ஆனால் குளோரின் ஏறிய மணிகளின் அருகே எந்த அமிலத்தையும், எலுமிச்சைச் சாற்றையும்கூட, கொண்டுசெல்லக் கூடாது. நச்சான குளோரின் வாயு வெளிப்படக்கூடும். பாத்திரம் விளக்கும் சோப்பால் படுகையைக் கழுவுவதும் பெருந்தவறு. சோப்பும் சலவைத்தூளும் எதிர்மின்சுமை கொண்டவை ஆதலால் அம்மோனியத் தொகுதியோடு இணைந்து அதைச் செயலற்றதாக்கிவிடும்; பார்வைக்கு மிகத் தூய்மையான படுகை கொல்லும் ஆற்றலை இழந்து நிற்கும்.

இயற்கையிலேயே இத்தகைய பலபடி உண்டு என்பதைத் தமிழ்நாட்டு முற்றங்களில் நிற்கும் முருங்கை காட்டுகிறது. முருங்கை விதையில் உள்ள நேர்மின்சுமைப் புரதம் கலங்கலைத் திரளச் செய்து படியவைப்பதோடு பாக்டீரியாவையும் கொல்லும். ஆனால் அரைத்த விதையை அப்படியே கலந்த நீரில் எஞ்சும் பிற கரிமப் பொருள்கள் கிருமிக்கு உணவாகி, ஓரிரு நாளில் நீர் கெடுகிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல், விதைச்சாற்றோடு மணலைக் கலந்து, எதிர்மின்சுமையுள்ள மணல்மேல் புரதம் ஒட்டியபின் மற்றவற்றைக் கழுவி நீக்கி, கிருமி கொல்லும் மணலைப் பெற்றனர். பரப்பில் வேண்டியது மட்டும் தங்கி, வேண்டாதது நீங்கவேண்டும் என்ற கருத்து ஒரு கைப்பிடி மணலில் இவ்வளவு தெளிவாக வெளிப்படுவது வியப்புக்குரியது.

பலபடிப் படுகையால் எல்லாவற்றையும் செய்ய முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வெள்ளி பாக்டீரியாவைக் கொல்லும் வேகத்தில் வைரசுகளைக் கொல்வதில்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியின் கூடு குளோரினுக்கே அசையாதது, அதை நுண்துளை வடிப்பானால் தடுக்கவேண்டும். கொல்லப் போதாத சிறு அளவில் தொடர்ந்து கசியும் பழைய படுகை, தாங்குதிறன் பெற்ற கிருமிகளுக்கு இடம்கொடுக்கும் அச்சமும் உண்டு. வெள்ளியைத் தாங்கும் சால்மோனெல்லா, தீக்காய மருத்துவப் பிரிவு ஒன்றில் கண்டறியப்பட்டு 1975-இலேயே பதிவுசெய்யப்பட்டது. காலம் கடந்த படுகையைச் சிக்கனம் கருதி நீட்டித்து ஓட்டுவது, படுகையே இல்லாமல் இருப்பதைவிடத் தீங்கானது, ஏனெனில் படுகை இருக்கிறது என்ற நம்பிக்கையில் நீரைக் கொதிக்கவைக்கும் பழக்கத்தை வீட்டார் விட்டுவிட்டிருப்பர்.

கார்ட்ரிட்ஜின் மேல் ஆறு மாதம் என்றும் ஓராண்டு என்றும் அச்சிடப்பட்டிருப்பது, யாரோ ஒருவரின் நீருக்கு, யாரோ ஒருவரின் குடும்ப அளவுக்கு வகுத்த கணக்கு. இதைப் படிப்போர் தத்தம் வீட்டு வடிப்பானில் அதை மாட்டிய தேதியையும், நாளொன்றுக்கு வடிக்கும் லிட்டரையும், எந்தெந்த மாதம் எந்த நீர் சம்புக்கு வந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதி அருகிலேயே ஒட்டிவைக்க வேண்டும். பழுதுபார்க்க வருபவர் முதலில் படிக்கவேண்டியது அந்தத் தாளையே.